பராமரிப்புத் திட்டம் முடிந்த காரின் சர்வீஸ்

புதிய காருடன் வரும் இலவச சர்வீஸ், வாரண்டி, முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிய பராமரிப்புத் தொகுப்பு ஆகியவற்றின் காலம் கடந்த பிறகு, உரிமையாளர் தன் பொறுப்பிலும் தன் செலவிலும் செய்துகொள்ளும் காலமுறைப் பராமரிப்பே இக்கட்டுரையின் பொருளாகும். கார் ஓடும் மொத்த ஆண்டுகளில் பெரும்பகுதி இந்தக் காலத்தில்தான் கழிகிறது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். நிறுவனத்தின் திட்டங்களோ பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன. பழைய கார் வாங்குபவருக்கு இந்தக் காலம் முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வட்டத் தலைமையிடமாக விளங்கும் சங்கராபுரம் போன்ற ஊர்களில் இது கூடுதல் கவனம் பெற வேண்டிய விஷயம். கள்ளக்குறிச்சியிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்த இவ்வூரைச் சுற்றி நெல், கரும்பு, மரவள்ளி விளையும் கிராமங்கள். மேற்கே கல்வராயன் மலை. கார் எந்த நிறுவனத்துடையது என்பதைப் பொறுத்து, அதன் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் கள்ளக்குறிச்சியிலோ, திருவண்ணாமலை, விழுப்புரம், சேலம் போன்ற பெரிய ஊர்களிலோ இருக்கும். திட்டம் இருக்கும்வரை ஒரு நாளை ஒதுக்கி அங்கே போய் வருகிறார்கள். திட்டம் முடிந்ததும், பக்கத்துத் தெரு மெக்கானிக் ஷெட் போதாதா என்ற கேள்வி எழுகிறது. போதும் என்பதே பல வேலைகளுக்கு விடை. ஆனால் எந்த வேலை, எப்போது, எந்தப் பொருளைக் கொண்டு என்பதை உரிமையாளர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வாரண்டி, இலவச சர்வீஸ், பராமரிப்புத் திட்டம்

பேச்சு வழக்கில் இவை மூன்றையும் "வாரண்டி" என்றே சொல்கிறார்கள். மூன்றும் வெவ்வேறு. வாரண்டி என்பது உற்பத்திக் குறைபாட்டால் பழுதாகும் பாகத்தை நிறுவனம் தன் செலவில் மாற்றித் தரும் உறுதி. மாருதி சுசூகி நிறுவனம் 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. என்றிருந்த தன் வாரண்டியை, 2024 ஜூலையில் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. என உயர்த்தியது. இரண்டில் எது முந்துகிறதோ அத்துடன் வாரண்டி முடியும்.

இலவச சர்வீஸில் பொதுவாகக் கூலி மட்டுமே இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் கட்ட வேண்டும். முதல் இலவச சர்வீஸிலேயே பில் வந்ததைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. பராமரிப்புத் திட்டம் என்பது இத்தனை ஆண்டு, இத்தனை கி.மீ. வரையிலான காலமுறை சர்வீஸுக்கு முன்கூட்டியே பணம் கட்டுவது. டயர், பேட்டரி, கிளட்ச், பிரேக் பேட் போன்ற தேய்மானப் பொருள்கள் திட்டத்தைப் பொறுத்து உள்ளேயோ வெளியேயோ இருக்கும். நீட்டித்த வாரண்டி நான்காவது வகை. இதை முதல் வாரண்டி முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்பதே வழக்கமான நிபந்தனை.

இவற்றில் எது முடிந்தாலும், காருடன் வந்த உரிமையாளர் கையேட்டிலுள்ள பராமரிப்பு அட்டவணை முடிவதில்லை. 60,000, 80,000, 1 லட்சம் கி.மீ. என அதன் பத்திகள் நீள்கின்றன. அதிகச் செலவு வைக்கும் வேலைகள் பலவும் இந்தப் பிற்பகுதியில்தான் வருகின்றன.

வெளியே சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடுமா?

திட்டம் முடிந்த காருக்கும் சில பாகங்களின் வாரண்டியோ நீட்டித்த வாரண்டியோ மிச்சம் இருக்கலாம் என்பதால் இக்கேள்வி முக்கியமானது. இந்தியாவில் இதற்கு அடிப்படையாக அமைந்தது, கார் நிறுவனங்களுக்கு எதிராக 2011-இல் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு வந்த புகார். ஒரிஜினல் உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காதபடி நிறுவனங்கள் வைத்துக்கொள்கின்றன என்பது அதன் சாரம். 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 நிறுவனங்கள் மீது மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

அந்த ஆணையில் சாதாரண உரிமையாளருக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி அபராதத் தொகை அல்ல. வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தாலே வாரண்டி மொத்தமாக ரத்தாகும் என்று நிறுவனம் நிபந்தனை விதிக்கக் கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்று ஆணையம் கூறியது. வெளியே டயர் மாற்றிய காரில் பவர் விண்டோ மோட்டார் பழுதானால், டயரைக் காரணம் காட்டி மோட்டாருக்கு வாரண்டி மறுப்பது இந்தக் கருத்துக்கு ஒவ்வாது. அதே சமயம், வெளியே தவறான ஆயில் ஊற்றி எஞ்சின் கெட்டால் அதற்கு நிறுவனத்தைக் கேட்க முடியாது. பணம் கட்டி வாங்கும் நீட்டித்த வாரண்டி தனி ஒப்பந்தம் என்பதால், அதன் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இதே போன்ற பாதுகாப்பை அளிக்கிறது. பராமரிப்புத் திட்டத்துடன் கார் விற்பது பரவலாக உள்ள தென்னாப்பிரிக்காவில், அந்நாட்டுப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தில் வாகனத் துறையும் ஒரு பிரிவாக உள்ளது.

கிலோமீட்டரும் நாட்காட்டியும்

திட்டம் நடப்பிலுள்ள காலத்தில் சர்வீஸ் சென்டரிலிருந்து தொலைபேசி வரும், குறுஞ்செய்தி வரும். திட்டம் முடிந்த சில காலத்தில் அவை குறைந்து நின்றுபோகின்றன. காரில் உடனே எந்த மாற்றமும் தெரிவதில்லை. "நன்றாகத்தானே ஓடுகிறது" என்ற எண்ணத்தில் ஓராண்டு, ஈராண்டு கழிந்துவிடுகிறது.

கையேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வரம்புகள் எழுதப்பட்டிருக்கும். உதாரணமாக, எஞ்சின் ஆயிலுக்கு 10,000 கி.மீ. அல்லது 12 மாதம் என்பது பல பெட்ரோல் கார்களில் காணப்படும் அளவு. இரண்டில் முந்துவதையே எடுத்துக்கொள்ள வேண்டும். சங்கராபுரத்தில் கடைத்தெருவுக்கும் கல்யாணத்துக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் எடுக்கப்படும் வீட்டுக் கார் ஆண்டுக்கு 4,000 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 கி.மீ. ஆகட்டும் என்று அதன் உரிமையாளர் காத்திருந்தால், ஓராண்டில் மாற்ற வேண்டிய ஆயில் இரண்டரை ஆண்டு எஞ்சினில் கிடக்கும்.

குறைவாக ஓடும் கார் குறைவாகத்தான் கெடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆயிலைப் பொறுத்தவரை இது சரியல்ல. எஞ்சின் முழுச் சூடு அடைவதற்குள் நிறுத்தப்படும் குறுகிய ஓட்டங்களில், எரிதலில் உண்டாகும் ஈரமும் எரியாத எரிபொருளின் எச்சமும் ஆயிலில் தங்கிவிடுகின்றன. நீண்ட ஓட்டத்தில் அவை ஆவியாகி வெளியேறும். இதனால்தான் பெரும்பாலான கையேடுகளில் கடினப் பயன்பாட்டுக்கெனத் தனி அட்டவணை இருக்கிறது. தூசி நிறைந்த சாலை, அடிக்கடி குறுகிய தூர ஓட்டம், மலை ஏற்ற இறக்கம், அதிகச் சுமை ஆகியவை அதில் சேரும். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் மிகக் குறைவு. கரும்பு வண்டிகள் போகும் மண் சாலையும் கல்வராயன் மலை ஏற்றமும் சேர்ந்த சங்கராபுரம் வட்டாரத்துக் கார்கள் பலவற்றுக்கும் பொருந்துவது இந்த அட்டவணையே.

பிரேக் ஆயிலும் மலை இறக்கமும்

நாட்காட்டியை மறப்பதால் வரும் கேடு மிகத் தெளிவாகத் தெரிவது பிரேக் ஆயிலில். எஞ்சின் ஆயிலைப் போல இதை யாரும் கம்பி விட்டுப் பார்ப்பதில்லை. தொட்டியில் அளவு சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலான கார்களில் பயன்படும் டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டவை. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடக்கும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியசாக இருக்க வேண்டும் என்பது தரவிதி. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில், தரவிதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரி மட்டுமே. டாட் 3 வகைக்கு இவை முறையே 205, 140 டிகிரி.

சமவெளியில் இந்த வேறுபாடு தெரியாது. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறிவிட்டுத் திரும்பி இறங்கும்போது தெரியலாம். விடுமுறை நாட்களில் பெரியார் அருவி, மேகம் அருவி ஆகியவற்றைப் பார்க்கக் குடும்பத்துடன் மலையேறுபவர்கள் பலர். ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றிய கார், வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடி இறங்கும்போது பிரேக் தட்டும் பேடும் கடுமையாகச் சூடாகின்றன. அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறுகிறது. நீர் கலந்த பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டானால், மிதியின் அழுத்தம் சக்கரத்துக்குப் போவதற்குப் பதில் குமிழ்களைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும் என்ற பள்ளிப் பாடம்தான் இது. மிதி தரை வரை இறங்கும், வண்டி நிற்காது. காலையில் ஊரில் நன்றாகப் பிடித்த பிரேக் மாலையில் மலையில் பிடிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

பல நிறுவனங்கள் பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றச் சொல்கின்றன. முழுவதுமாக என்பதே இங்கே முக்கியம். தொட்டியில் குறைந்ததை நிரப்புவது மாற்றுவதாகாது. நான்கு சக்கரங்களிலும் பழைய ஆயிலை வெளியேற்றிக் காற்று எடுக்க வேண்டும். ஆயிலின் விலை சில நூறு ரூபாய்தான். பழக்கமுள்ள எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடிய வேலை. ஏ.பி.எஸ். உள்ள சில கார்களுக்கு மட்டும் ஸ்கேனர் கருவி தேவைப்படும். எந்த வகை ஆயில் என்பது தொட்டி மூடியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஆயில் புதிதாக இருந்தாலும், மலை இறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும்படி ஓட்டுவதும், நியூட்ரலில் விடாமலிருப்பதும் அவசியம்.

எஞ்சின் ஆயில், கூலன்ட், ஏர் ஃபில்டர்

எஞ்சின் ஆயிலில் கிரேடு சரியாக இருக்க வேண்டும். 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்று கையேட்டில் எது உள்ளதோ அதையே ஊற்றச் சொல்ல வேண்டும். கெட்டியான ஆயில்தான் எஞ்சினுக்கு நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றும் பழக்கம் பழைய அம்பாசிடர் காலத்தது. இன்றைய எஞ்சின்களின் குறுகலான ஆயில் வழிகளுக்கு அது பொருந்தாது. ஷெட்டில் டின்னை உரிமையாளர் முன்னால் திறந்து ஊற்றச் சொல்வதில் தவறில்லை. ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரையும் மாற்ற வேண்டும்.

கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றுவது கிராமப்புறத்தில் சகஜம். உப்புக் கலந்த நீர் ரேடியேட்டருக்குள் படிவாகத் தங்கி, காலப்போக்கில் வழியை அடைக்கும். அவசரத்துக்கு ஊற்றினாலும் பிறகு முழுவதையும் மாற்றிவிட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

ஏர் ஃபில்டர் விலை குறைந்தது, கழற்றுவதும் எளிது. அறுவடைக் காலத்தில் அட்டவணையைப் பார்க்காமல் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. எலி கூடு கட்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். வயல்களை ஒட்டிய வீடுகளில் நிற்கும் கார்களில் எலி கடித்த ஒயரால் வரும் செலவு, ஒரு சர்வீஸ் செலவைவிட அதிகமாகிவிடக்கூடும்.

மாற்றிய பழைய ஆயிலைக் கரையானுக்காக மரத்தூணில் பூசுவதும் வாய்க்கால் ஓரத்தில் கொட்டுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி அது அபாயகரமான கழிவு.

டைமிங் பெல்ட்டும் டீசல் கார்களும்

எஞ்சினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயக்குவது டைமிங் செயின் அல்லது டைமிங் பெல்ட். செயின் உள்ள கார்களுக்குப் பெரும்பாலும் தனிக் கெடு இல்லை. ரப்பர் பெல்ட் உள்ளவற்றுக்குக் கி.மீ. கணக்கிலோ ஆண்டுக் கணக்கிலோ கெடு உண்டு. பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். அறுவதற்கு முன் அது சத்தமோ அறிகுறியோ காட்டாமலும் இருக்கலாம். பழைய கார் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, தன் காரில் இருப்பது பெல்ட்டா செயினா, பெல்ட் என்றால் மாற்றிய பில் இருக்கிறதா என்பதே. பில் இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிப்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ளது. தேங்கிய கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள அதற்குத் தொடர்ந்த, ஓரளவு வேகமான ஓட்டம் வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றும் டீசல் காரில் எச்சரிக்கை விளக்கு எரிவது இதனால்தான். உளுந்தூர்ப்பேட்டை - சேலம் தேசிய நெடுஞ்சாலை அருகிலிருப்பது இவ்வட்டாரத்தவருக்கு வசதி. அதில் அவ்வப்போது அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். இக்கார்களுக்கென்று வகுக்கப்பட்ட, சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்ற வேண்டும். சாதாரண டீசல் ஆயில் வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும்.

எங்கே கொடுப்பது?

ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், பிரேக் ஆயில், கூலன்ட், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ் ஆகியவற்றை அனுபவமுள்ள உள்ளூர் ஒர்க்‌ஷாப் செய்துவிடும். ஏர்பேக், ஸ்டியரிங் மோட்டார், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், மென்பொருள் திருத்தம் ஆகியவற்றுக்கு நிறுவனத்தின் கருவி தேவைப்படுவதால் அங்கீகரிக்கப்பட்ட சென்டரே நல்லது. ஆண்டுதோறும் உள்ளூரில் செய்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பெரிய சர்வீஸுக்கு மட்டும் சென்டருக்குப் போகும் நடுவழியும் உண்டு. சிறிய ஊர்க்காரர்களுக்கு இதுவே பொருத்தமாகத் தெரிகிறது.

எங்கே போனாலும், செய்யப்போகும் வேலைகளும் மதிப்பீட்டுத் தொகையும் எழுதிய ஜாப் கார்டை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும். எஞ்சின் ஃபிளஷ், ஏ.சி. கிருமிநீக்கம், டெஃப்ளான் பூச்சு என்று சேர்க்கப்படும் வேலைகள் கையேட்டின் அட்டவணையில் உள்ளனவா என்று பார்த்து, இல்லையென்றால் வேண்டாம் எனலாம். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்பதும் நல்ல பழக்கம்.

கார் நிறுவனமே போய்விட்டால் என்ன செய்வது என்ற கேள்வியைத் தமிழ்நாடு நேரில் சந்தித்திருக்கிறது. மறைமலை நகரில் கார் தயாரித்த ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று அப்போது கூறப்பட்டது. ஆயினும் இத்தகைய கார் வைத்திருப்பவருக்கு, அந்த மாடலில் கைதேர்ந்த ஒரு வெளி மெக்கானிக்கைத் தெரிந்து வைத்திருப்பது மற்றவர்களைவிட அவசியமாகிறது.

உதிரிபாகம்

ஒரிஜினல், டூப்ளிகேட் என்று இரண்டே வகை என நினைப்பது சரியல்ல. கார் நிறுவனங்கள் பெரும்பாலான பாகங்களைத் தாமே செய்வதில்லை. சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா போன்றவை 1960-களிலிருந்து மின்பாகங்களும் பிரேக் பாகங்களும் தயாரித்து வருகின்றன. இத்தகைய தயாரிப்பாளர்கள் கார் நிறுவனங்களுக்குப் பாகங்களைத் தருவதோடு, தம் சொந்தப் பெயரிலும் கடைச் சந்தையில் விற்கிறார்கள். அவற்றை வாங்குவதில் தரக்குறைவு இல்லை. விலையும் பெரும்பாலும் குறைவு. தவிர்க்க வேண்டியது, புகழ்பெற்ற பெயரைப் போலியாக அச்சிட்டு வரும் ஃபில்டரும் பிரேக் பேடும்தான். அட்டையில் பாக எண், அதிகபட்ச விலை, ஹோலோகிராம் ஆகியவற்றைச் சரிபார்த்து, பில்லுடன் வாங்க வேண்டும். பில்லில் வரியைப் பார்க்கும்போது, 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு என்பதையும் நினைவில் கொள்ளலாம். முன்பு பலவற்றுக்கு 28 விழுக்காடு இருந்தது.

டயர்களில் தேய்மானத்தைப் போலவே வயதும் முக்கியம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. ஸ்டெப்னியிலும் இதைப் பார்க்க வேண்டும். ஓடாததால் பள்ளம் தேயாமல் புதிதுபோல் தோன்றினாலும் ரப்பர் வெடித்திருக்கக்கூடும்.

பதிவேடு

திட்டக் காலத்தில் சர்வீஸ் வரலாறு நிறுவனக் கணினியில் பதிவாகும். பிறகு அதை வைத்திருக்க வேண்டியவர் உரிமையாளர். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: தேதி, ஓடிய கி.மீ., செய்த வேலை, போட்ட பொருளின் பெயர், தொகை, அடுத்த கெடு. பில்களை அதிலேயே ஒட்டிவைக்கலாம். தவறான வேலையால் நட்டம் ஏற்பட்டு நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கவோ, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடவோ நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது பில்தான். பில் இல்லாமல் நூறு ரூபாய் குறைத்துக் கொள்வதாகச் சொல்லும் இடத்தில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். காரை விற்கும்போதும் நோட்டுக்கு மதிப்பு உண்டு.

வாரண்டி முடிந்த பின்னும் இலவசமாகக் கிடைப்பவை

பாதுகாப்புக் குறைபாட்டுக்காக ஒரு மாடலை நிறுவனம் திரும்பப் பெற அழைத்தால், வாரண்டி முடிந்த காருக்கும் அந்தப் பாகம் இலவசமாகவே மாற்றித் தரப்படும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ், 7 ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கான கட்டாயத் திரும்பப் பெறும் விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. வெளியே சர்வீஸ் செய்பவர்களுக்கு இந்த அழைப்பு வந்து சேராமல் போகலாம். பழைய கார் வாங்கியவருக்கு, முதல் உரிமையாளரின் தொலைபேசிக்கே தகவல் போய்க்கொண்டிருக்கும். பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

இதே காலத்தில் இன்னொரு கெடுவும் வந்து நிற்கும். 2018 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுக்குச் சேர்த்து எடுக்கப்படுகிறது. மூன்று ஆண்டு வாரண்டி உள்ள காரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் முடியும். பி.எஸ்.4, பி.எஸ்.6 கார்களுக்கு முதல் ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய புகைச் சான்றின் தேதியையும் சேர்த்து, மூன்று தேதிகளையும் சர்வீஸ் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.